வெல்லம் சாப்பிட்டால் ஈயம் இறங்கிவிடுமா?

சங்ககிரிப் பக்கம் இருந்து ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 28, நான்கு மாதக் கர்ப்பிணி. மூன்று வயதில் ஒரு மகன் இருக்கிறான். கணவருக்கு 34. முன்பு லாரியில் கிளீனராக இருந்தவர், நான்கு வருடமாகப் பழைய லாரி பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் தகடுகளை உருக்கி, ஈயக் கட்டியாக வார்க்கும் இடத்தில் வேலை பார்க்கிறார். அங்கே மொத்தம் 14 பேர். ஒரு வருடமாக அவருக்கு வயிற்றை முறுக்கிப் பிடிக்கும் வலி. மூன்று நாள் ஆனாலும் வெளிக்குப் போவதில்லை. தூக்கம் இல்லை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். குடலேற்றம் என்று மாமியார் எண்ணெய் தடவி எடுத்துவிட்டுப் பார்த்தார். குடல்வாலாக இருக்குமோ என்று ஒரு மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், அதில் ஒன்றும் இல்லை. ஹீமோகுளோபின் 9.4. ஐந்து மாதம் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஏறவில்லை. இப்போது சில வாரமாக, வண்டியின் பிரேக்கைப் பிடித்தால் வலது மணிக்கட்டில் வலு இல்லை என்கிறார்.

எட்டு மாதத்துக்கு முன் கம்பெனியே ரத்தம் எடுத்து ஈய அளவு பார்த்திருக்கிறது. ரிப்போர்ட்டில் 52 என்று இருந்தது. “60 வரைக்கும் நார்மல்தான்” என்று முதலாளி சொல்லிவிட்டார். ஈயத்தை இறக்குவதற்கென்று தினமும் மாலையில் ஆளுக்கு ஒரு கட்டி வெல்லமும் இரண்டு வாழைப்பழமும் தருகிறார்கள். அளவு ஏறினால் வருடத்துக்கு ஒரு தடவை ஊசி போட்டு ரத்தத்தைக் கழுவிவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். சம்பளம் மாதம் 16,000. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கேட்டால், “நீ காண்ட்ராக்ட் ஆள்” என்று பதில் வருகிறது. ‘வெல்லம் போதுமா, ஊசி போட்டுக்கொள்ளலாமா, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? இந்தக் கர்ப்பம் வேண்டாம் என்று அத்தை சொல்கிறார், என்ன செய்வது?’ என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, அத்தை சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று இதுவரை யாரும் பார்க்கவே இல்லை. கணவர் வேலை செய்யும் இடத்தை மட்டும் வைத்து கர்ப்பத்தைக் கலைக்க வேண்டியதில்லை. அந்தப் பேச்சை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். முதலில் பரிசோதனை, மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்தது உங்கள் வீட்டுக்காரர். நேரில் பார்க்காமல் நோயைச் சொல்லக் கூடாது. ஆனாலும் முறுக்கு வலி, மலச்சிக்கல், இரும்புக்கு அசையாத ரத்தசோகை, எரிச்சல், மணிக்கட்டுத் தளர்ச்சி ஆகிய ஐந்தும் பேட்டரி உடைக்கும் ஒருவரிடம் சேர்ந்து வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈய நச்சைத்தான். ஈயம் ரத்தச் சிவப்பணு உருவாகும் வேலையில் குறுக்கே நிற்கிறது. இரும்பு கைவசம் இருந்தும் உடம்பால் அதை ஹீமோகுளோபினில் சேர்க்க முடிவதில்லை. ஐந்து மாத மாத்திரை பலிக்காததற்கு அது காரணமாக இருக்கலாம். இதனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், இரும்புக் குறையும் கூடவே இருக்க வாய்ப்புண்டு. கையைத் தூக்கும் தசைகளுக்குப் போகும் நரம்பை ஈயம் தாக்குவது மிகப் பழைய காலத்திலிருந்தே மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். மணிக்கட்டு தொங்கும் அளவுக்குப் போவதற்கு முன் அவரை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இத்தனை மருத்துவர்களைப் பார்த்தும் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் எத்தனை பேர் “என்ன வேலை செய்கிறீர்கள்” என்று கேட்டார்கள்? எங்கள் மருத்துவத் தொழிலில் உள்ள பெரிய குறை இது. இனி எந்த மருத்துவமனைக்குப் போனாலும், வலியைச் சொல்வதற்கு முன் “நான் பேட்டரி ஈயம் உருக்குகிறேன்” என்று சொல்லச் சொல்லுங்கள். அதற்காக, காய்ச்சலோடு வலது அடிவயிற்றில் வலி வந்தால் அதையும் ஈயத்தின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். ஈயம் உள்ளவருக்கும் குடல்வால் அழற்சி வரும். கடும் தலைவலி, ஓயாத வாந்தி, குழப்பமான பேச்சு, வலிப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வெல்லமும் வாழைப்பழமும்

இது உங்கள் முதலாளி கண்டுபிடித்ததல்ல. தூசியும் புகையும் உள்ள பல தொழில்களில் தலைமுறையாக நடக்கும் வழக்கம், பல முதலாளிகள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் வெல்லமோ, வாழைப்பழமோ, பாலோ, மோரோ ரத்தத்தில் ஏறிய ஈயத்தை இறக்குவதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. உடைத்த தகட்டின் தூள் ஒட்டிய கையோடு வெல்லக் கட்டியை வாங்கிக் கடித்தால், ஈயத்தை இறக்கத் தருகிற பொருளே ஈயத்தை உள்ளே கொண்டுபோகும். டீ நேரத்தில் வெளியே போய்த் தட்டுவடை செட் சாப்பிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். சேலத்துக்காரர் வேறு என்ன சாப்பிடுவார்! தட்டுவடையில் தவறில்லை, அதைப் பிடிக்கும் விரல்களைத்தான் யோசிக்க வேண்டும். பீடி, சிகரெட், ஹான்ஸ் பழக்கம் இருந்தால் அதற்கும் இதேதான்.

சாப்பாட்டுக்கு ஒரு பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. வெறும் வயிற்றிலும், சுண்ணாம்புச்சத்தும் இரும்பும் குறைந்த உடம்பிலும் ஈயம் கூடுதலாக ஏறும். காலையில் கேழ்வரகுக் கூழோ இட்லியோ சாப்பிட்டுவிட்டுப் போவதும், கீரை, பயறு, முட்டை, பால், நெல்லிக்காய் சேர்ப்பதும் நல்லது. இவை ஏறுவதைக் கொஞ்சம் குறைக்கும். ஏறியதை வெளியேற்றாது.

முகத்தில் கட்டும் துண்டும் கைக்குட்டையும் அதே ரகம். ஈயம் 327 டிகிரியில் உருகும். சூடு இன்னும் ஏறும்போது எழும் புகைத் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை, துணி வழியே எளிதாக உள்ளே போய்விடும். நுண்துகள் வடிகட்டி பொருத்திய, முகத்தோடு இறுக்கமாக ஒட்டும் சுவாசக் கவசம் வேண்டும். அதற்கும் முன்னால், உலைக்கு மேல் புகையை இழுத்து வெளியேற்றும் கூண்டும் விசிறியும் வேண்டும். அங்கே இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லை என்றே நினைக்கிறேன்.

52 என்றால் என்ன?

போனில் படம் எடுத்து அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி ரத்தத்தில் 52 மைக்ரோகிராம். சில ஆய்வகங்கள் லிட்டர் கணக்கில் தருவார்கள், அப்போது இதே அளவு 520 என்று வரும். அதனால் எண்ணோடு அலகையும் பார்த்துப் பழகுங்கள்.

இது நார்மல் இல்லை. மனித உடம்புக்கு ஈயத்தால் எந்த வேலையும் கிடையாது, அதனால் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஓர் அளவும் இல்லை. 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த வழிகாட்டுதல். முதலாளி சொல்லும் 60 எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அமெரிக்காவில் 1978இல் வந்த தொழிலிட விதியில் அந்த எண் இருக்கிறது. அதைத் தொட்டால் தொழிலாளியைக் கட்டாயமாக வேலையிலிருந்து விலக்க வேண்டும் என்பதுதான் அங்கே அதன் பொருள். அதே விதியில், தொடர்ந்து எடுத்த பரிசோதனைகளின் சராசரி 50 வந்தாலும் விலக்க வேண்டும், 40க்குக் கீழே இறங்கினால்தான் திரும்பச் சேர்க்கலாம். அந்த விதியே பழசாகிவிட்டது. இன்று பணிசார் மருத்துவர்கள் 30ஐத் தாண்டியவரையே ஈயத்திடமிருந்து விலக்கச் சொல்கிறோம். அவருடைய 52 எட்டு மாதம் பழைய எண் வேறு. இப்போது அறிகுறிகள் கூடியிருப்பதைப் பார்த்தால் எண்ணும் கூடியிருக்கலாம்.

மறுபரிசோதனை இந்த வாரமே நடக்கட்டும். முழங்கை மடிப்பில் ரத்தக்குழாயிலிருந்து எடுக்கும் ரத்தம்தான் நம்பகமானது. எடுப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும், தோலில் இருக்கும் தூளே எண்ணை ஏற்றிவிடும். இந்தப் பரிசோதனையை எல்லா ஆய்வகங்களும் தாங்களே செய்வதில்லை. சேலத்தில் ரத்தத்தை எடுத்துப் பெரிய ஊருக்கு அனுப்புகிறவர்களும் உண்டு, முடிவு வரச் சில நாள் பிடிக்கலாம். கூடவே ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்ப்பது, சிறுநீரகச் செயல்பாடு, ரத்த அழுத்தம் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் இந்த விவரங்களோடு போனால், எங்கே எதைச் செய்யலாம் என்று வழி காட்டுவார்கள்.

ஊசி போட்டுக் கழுவுவது

இதில் உங்கள் முதலாளியோடு எனக்குச் சமரசமே கிடையாது. ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள் உண்டு. அளவு மிக அதிகமாகி, அறிகுறிகளும் உள்ளவர்களுக்கு, மருத்துவமனையில் சேர்த்து, சிறுநீரகத்தைக் கவனித்துக்கொண்டே தர வேண்டியவை அவை. தினமும் ஈயப் புகையில் நின்றுகொண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஊசி போடுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது மாதிரி. தரையைத் துடைப்பதிலாவது கெடுதல் இல்லை. இந்த மருந்துகள் உடம்புக்குத் தேவையான தாதுக்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். ஒரே மாதிரிப் பெயருள்ள வேறு மருந்தை மாற்றிப் போட்டதால் ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து சரிந்து உயிர் போன சம்பவங்கள் மருத்துவப் பதிவில் இருக்கின்றன. வேலையில் வைத்துக்கொண்டே முன்கூட்டி ஊசி போடுவதை மேலே சொன்ன 1978 விதியே தடை செய்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்குச் சிகிச்சை தேவைப்படலாம். அதை மருத்துவமனை முடிவு செய்யட்டும், கம்பெனி வேண்டாம்.

“ஈயத்தை முறிக்கும் பற்பம்” என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். அப்படிச் சில மருந்துகளிலேயே ஈயமும் பாதரசமும் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

இந்த நோய்க்கு முதல் சிகிச்சை ஈயத்திடமிருந்து விலகுவது. விலகினால் ரத்தத்தில் உள்ள அளவு ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகலாம். ஆனால் நான்கு வருடமாகச் சேர்ந்ததில் பெரும்பகுதி எலும்பில் போய்த் தங்கியிருக்கும், அது வெளியேறப் பல வருடம் பிடிக்கும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பி வந்துகொண்டும் இருக்கும். அதனால் விலகிய பிறகு எண் மெதுவாக இறங்குவதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

நீங்களும் மகனும்

கணவருக்கு 52 இருப்பதால் உங்களுக்கும் அவ்வளவு இருக்கும் என்று பொருளல்ல. அவர் சட்டையிலும் முடியிலும் செருப்பிலும் வீட்டுக்கு வரும் தூசிதான் உங்கள் வீட்டின் பிரச்சினை. அந்தத் துணியை நீங்கள்தான் உதறித் துவைக்கிறீர்கள். உங்கள் ரத்தத்திலும் மகன் ரத்தத்திலும் அளவு பாருங்கள். ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும் என்பது உண்மை. உங்கள் அளவு 5க்குக் கீழே இருந்தால் வழக்கமான கர்ப்பகாலக் கவனிப்பே போதும். மேலே இருந்தால் பிரசவம் வரை அவ்வப்போது திரும்பப் பார்ப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை ஒரு நாளும் விடாதீர்கள். கர்ப்பத்தில் சாம்பல், செங்கல், மண் தின்னத் தோன்றினால் கூச்சப்படாமல் நர்ஸிடம் சொல்லுங்கள், அதன் வழியாகவும் ஈயம் வரும். தாய்ப்பாலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் அளவு 40ஐத் தொடாதவரை தாராளமாகக் கொடுக்கலாம், குழந்தையின் அளவை மட்டும் கவனித்துக்கொள்வார்கள்.

எனக்குக் கூடுதலாகக் கவலை தருவது மகன். பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். சின்னக் குழந்தைகளிடம் பாதி வரை சேரும். தரையில் விளையாடி, விரலை வாயில் வைக்கும் வயசு. குறைந்த அளவில் வெளியே ஒன்றுமே தெரியாது, கவனமும் படிப்பும் பின்னால் பாதிக்கப்படலாம். அவனுக்கு 45க்கு மேல் வந்தால் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் மருந்து வேண்டியதில்லை. தூசியை நிறுத்துவது, இரும்புக் குறையைச் சரிசெய்வது, பேச்சையும் வளர்ச்சியையும் குழந்தை மருத்துவர் தொடர்ந்து பார்ப்பது, இவைதான் தேவை.

வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. அவர் வேலைத் துணியையும் செருப்பையும் வேலை இடத்திலேயே மாற்றிவிட்டு, குளித்துவிட்டு வரட்டும். அதற்கு வழியில்லை என்றால் வாசலோடு நிறுத்தி, குளித்த பிறகே மகனைத் தூக்கட்டும். அந்தத் துணியை உதறாமல், தனி வாளியில் அவரே கையுறை போட்டுத் துவைக்கட்டும். விளக்குமாற்றால் பெருக்கினால் தூசி கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள், அதையும் முடிந்தவரை மாமியாரோ அவரோ செய்யட்டும். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லியிருந்தீர்கள், காலி பேட்டரிப் பெட்டிகள் இரண்டில் மண் நிரப்பிக் கொத்தமல்லி வளர்ப்பதாக. அந்தக் கொத்தமல்லியை இனி சமைக்காதீர்கள். பெட்டிகளை மகன் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். எரிக்க வேண்டாம்.

வேலை, முன்பணம், இ.எஸ்.ஐ.

நான் மருத்துவன். சட்டத்தில் என் வேலைக்குத் தேவையான அளவு தெரியும், அதைச் சொல்கிறேன். 10 பேரும் அதற்கு மேலும் உள்ள தொழிற்கூடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. காண்ட்ராக்ட் ஆள் என்பது காரணமே ஆகாது, அவருக்கான சந்தாவைச் செலுத்தும் பொறுப்பு கடைசியில் அந்த இடத்தின் உரிமையாளர் தலையில்தான் விழும். இ.எஸ்.ஐ. இருந்தால், வேலையால் வந்த நோய்க்காக வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும். ஈயத்தால் வரும் நோய் தொழில்நோய்ப் பட்டியலில் இருப்பது. அதைக் கண்டறியும் மருத்துவர் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்குத் தெரிவிக்கவும் கடமைப்பட்டவர். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருப்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கும், இந்த விஷயங்களின் அடிப்படை மாறவில்லை.

முன்பணம்தான் உண்மையில் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. வாங்கிய எல்லா முன்பணமும் கொத்தடிமை ஆகிவிடாது. ஆனால் அதைக் காட்டி, வேறு வேலைக்குப் போகக் கூடாது என்று மிரட்டினால், அது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். முதலில் பேசிப் பாருங்கள். மருத்துவச் சான்றைக் காட்டி விலகுவதாகவும், பணத்தைத் தவணையில் தருவதாகவும் எழுதிக் கேட்கலாம். உலையிலிருந்து உடைக்கும் இடத்துக்கு மாற்றித் தருகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே கொட்டகையில் அது மாற்றமே இல்லை, உடைக்கும் இடத்தில்தான் தூள் அதிகம். லாரித் தொழில் தெரிந்தவருக்குச் சங்ககிரியில் வேறு வேலை கிடைக்காமல் போகாது, சம்பளம் மூன்று நான்கு ஆயிரம் குறைந்தாலும் போகட்டும் என்பது என் கருத்து. வீட்டுச் செலவை நீங்கள்தான் அறிவீர்கள், முடிவு உங்கள் இருவருடையது.

புகார் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதலாம். பழைய பேட்டரியை உருக்குகிறவர்கள் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லை என்றால் இடத்தை மூடிவிடுவார்கள், 14 குடும்பங்களின் வருமானம் ஒரே நாளில் நிற்கும். கோபம் உங்கள் வீட்டுக்காரர் மேல் திரும்பவும் கூடும். புகாரே கொடுக்காவிட்டால், இவர் இடத்துக்கு நாளைக்கு இன்னொருவர் வருவார். மற்ற 13 பேரும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, சேர்ந்து கேட்பதுதான் எனக்குத் தெரிந்து பலன் தரும் வழி. தனி ஆளை விரட்டுவது சுலபம், 14 ரிப்போர்ட்டை விரட்ட முடியாது. சேலம் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. நீங்களே போய்க் கேட்கலாம்.

அவர் விலகுவதற்கு முன் சில காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். கம்பெனி எடுத்த ரத்த ரிப்போர்ட்டின் நகல், சம்பளம் வந்ததற்கான வங்கிக் கணக்குப் பதிவு அல்லது கூலிச் சீட்டு, உலையும் கொட்டகையும் தெரியும் படங்கள், கூட வேலை செய்தவர்களின் போன் எண்கள். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசப் பிரச்சினையால் 2001இல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்த 591 பேருக்கு உடன்பாடு ஏற்பட 2016 ஆனது. உங்கள் விஷயம் அவ்வளவு இழுக்காது என்றே நம்புகிறேன், இருந்தாலும் காகிதம் கையில் இருக்கட்டும்.

மூன்று பேரின் ரிப்போர்ட்டும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். எண், அலகு, ரத்தம் எடுத்த தேதி, அதற்கு முன் அவர் கடைசியாக உலையில் நின்ற நாள், நான்கும் வேண்டும். மகனின் எடையையும் சேர்த்து எழுதுங்கள்.